மேசையும் படுக்கையும்

விழா மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரையொன்று வேண்டினர். நமது கல்லூரி விடுதியின் நினைவுகளை எழுதுமாறு அவர்கள் குறிப்பாலுணர்த்தியிருந்தனர். அவற்றை என்னினும் வல்லார் பலர் எழுதுவர் என்பதால், ஒரு பழைய பாய்க்கப்பலின் மேசையைப் பற்றியே எழுதத் துணிந்தேன். விடுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாசகர் எண்ணவேண்டாம்.

1960களின் நடுவில் நாங்கள் மூவர் விடுதியில் ஓர் அறையில் வாழ்ந்தோம். இருந்தவை இரண்டு கட்டில்கள், ஒரு மேசை. பரீட்சைக் காலத்தில் நள்ளிரவுவரை மேசை படிப்புக்குரியது. பின்னர் மூன்றாமவனின் படுக்கை. மூன்றாமவன் எவன் என்பதை நாடோறும் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தோம். எங்களுள் ஒருவன் வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவன், ஆறடி உயரம். மேசை அவன் பங்கில் விழும் நாட்களில் அவனுடைய கால்கள் முழந்தாளுக்குக் கீழே அந்தரத்தில் தொங்கும். விளக்கணைத்தபின் அவன் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றே. 1930ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கியதும், அது வேறு பெயர் பூண்டு, அவ்வூர் மாலுமிகளோடு கடல்கள் பல கடந்து 1938 ஆகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தை அடைந்ததுமான கதை. "அவர்கள் எங்கே படுத்தார்கள்?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "உன்னைப்போல் வாய்திறந்து படுக்கவில்லை, மச்சான்" என்று மறுமொழி வந்தது.

அவன் கப்பற் பொறியியலாளனாய் உலகைச் சுற்றினான். மற்றவன் மருத்துவனானான். நான் கணித ஆசிரியனாகி, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்கு வந்து, ஓய்வுபெற்ற பின்னும் அவ்வூரை விட்டுப் பெயர மனமின்றி இருந்துவிட்டேன். எழுபது வயதைத் தாண்டிய நிலையில், 2022ஆம் ஆண்டில், வல்வெட்டித்துறை நண்பன் திருகோணமலையில் வெளிநாட்டார் ஒருவர் கைவிட்டுச் சென்ற பாய்ப்படகொன்றை வாங்கிவிட்டான். தன் பெயரில் வாங்கி மூவருக்கும் சொந்தம் என்றான்.

அது 'சென்ரோர்' என்னும் வகை. வெஸ்ரர்லி என்ற ஆங்கில நிறுவனம் 1969 முதல் செய்து விற்ற இருபத்தாறடிப் படகு. மூன்று தொன்னளவு பாரம். அடியில் ஓர் ஏராவுக்குப் பதிலாக இரண்டு ஏராக்கள் உண்டாதலின், நீர் வற்றிய கரையில் முட்டுக்கொடுக்காமலே நிமிர்ந்து நிற்கும். உள்ளே நுழைந்தால் வலப்புறம் அடுக்களை. இடப்புறம் எதிரெதிரே இரண்டு இருக்கைகள், நடுவே மேசை. இரவில் மேசைக்காலைக் கழற்றி, மேற்பலகையை இருக்கைகளின் மட்டத்துக்கு இறக்கி, சாய்வு மெத்தைகளை இடைவெளியில் நிரப்பினால் அவ்விடம் முழுவதும் படுக்கையாகும். மூவர் முன்பு விடுதியில் அறிவின்றிச் செய்ததை ஆங்கிலேயர் அறிவோடு செய்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி ஓரிரவுதான் நின்றது. 2023 மே மாதம், திருகோணமலைக் குடாவில் நங்கூரமிட்டிருந்தபோது நான் அப்படுக்கையிற் புரண்டேன்; பலகை கீழே போயிற்று; நானும் போனேன். இருக்கைகளின் முகப்பில் பலகையைத் தாங்கும் சட்டங்கள் மெல்லிய ஒட்டுப்பலகையில் இரும்புத் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தன. அரை நூற்றாண்டு ஈரம் அவற்றைத் தின்றுவிட்டிருந்தது. என் விலா எலும்பைத் தடவிப் பார்த்த மருத்துவர், "முறியவில்லை, கன்றியிருக்கிறது" என்றார். கழற்றி வைத்திருந்த மேசைக்கால் அன்றிரவு முழுதும் தரையில் உருண்டு எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

படகின் உட்கூரைத் துணியும் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு பழுதுகளும் இருந்தன. ஆகவே அதனை லொறியிலேற்றி அட்டாளைச்சேனைக்குக் கொண்டுவந்தோம். அச்செலவில் நான்கு மேசை செய்திருக்கலாமே என்றார் மருத்துவர். நியாயந்தான். ஆயினும் எனக்கு அறிமுகமான ஓடாவியார் அங்கிருந்தார். ஆழ்கடலிற் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகளுக்கு உள்வேலை செய்து பழகிய கைகள் அவருடையவை. அவருடைய வளவில், தென்னைகளின் நடுவே, படகு தன் இரு கால்களில் நின்றது. வீதியாற் போகும் சிறுவர்கள் அதனை யானைக்குட்டி என்றார்கள்.

ஓடாவியார் அளவுகோலை எடுக்கவில்லை. "மூணு பேரும் மணல்ல படுங்க சேர்" என்றார். முதியவர் மூவர் பட்டப்பகலில் மணலிற் படுத்தோம். அவர் ஒரு குச்சியால் ஒவ்வொருவரின் தலையையும் தோளையும் காலையும் சுற்றிக் கோடு கீறினார். பின்னர், "கட்டிலில படுக்கிற மாதிரி படகில படுக்கேலா. அகலம் கூடினா உருளுவீங்க" என்றார். தோளுக்கு இரண்டடி, காலுக்கு அதனினும் குறைவு. ஓடும் படகில் ஒருவனுக்கு அதுவே போதுமாம். நான் பின்னர் படித்த நூல்களும் அதையே கூறின. இருவர் படுக்கக்கூடிய அகன்ற படுக்கை நங்கூரமிட்ட இரவுக்கே உரியது. கடலில் அதனை நடுவே மறித்தல்வேண்டும். மெத்தையின் கீழிருந்து கித்தான் துணியொன்றை எழுப்பி மேலேயுள்ள கைப்பிடியிற் கட்டிவிட்டால், படுத்தவன் தொட்டிற்குழந்தை போலக் கிடப்பான்.

யார் எங்கே படுப்பது என்பதில் நாங்கள் மச்சான் உறவை மறந்து வாதிட்டோம். பின்மூலையில், வெளி இருக்கையின் கீழே, குகைபோன்ற ஒரு படுக்கை உண்டு. அதனுள் ஊர்ந்து நுழைய என் மெலிந்த உடலே ஏற்றது. மருத்துவர் இரவில் பலமுறை எழுபவர். கழிப்பறையை அடுத்த அணியப் படுக்கை அவருக்கு. நெட்டையனுக்கு மேசைப்படுக்கை. "ஐம்பது வருடத்துக்கு முந்திய சீட்டு இப்பவும் எனக்கே விழுகிறது" என்று அவன் சிரித்தான். ஓடாவியார் அவனுக்காக ஆறடி மூன்றங்குலம் என்று பலகையிற் குறித்தார். அதற்கு இருக்கைப் பெட்டியொன்றின் பின்பலகையை அறுத்து நகர்த்த வேண்டியிருந்தது.

அவ்வேலை தொடங்குமுன், செப்ரெம்பர் மாதத்தில், நண்பன் கொழும்பில் காலமானான். நித்திரையிற் போனானாம்.

மாரி முடியும்வரை நான் அந்த வளவுப்பக்கம் செல்லவில்லை. தைமாதத்தில் மருத்துவரும் நானும் சென்று, இருவருக்கு இரண்டு படுக்கைகள் உண்டு, மேசை மேசையாகவே இருக்கட்டும், பலகையை நிலையாக இறுக்கிவிடுங்கள் என்றோம். வேலையும் குறையும், செலவும் குறையும் என்று காரணங் கூறினோம். ஓடாவியார் உளியைக் கீழே வைத்தார். "அளந்தது அளந்ததுதான் சேர். மணல்ல கீறின கோடு அழிஞ்சி போச்சி, பலகையில கீறினது இரிக்கி" என்றார். எங்களிருவருக்கும் பேச்செழவில்லை.

அவர் செய்தவை இவை. இருக்கை முகப்புகளின் முழு நீளத்துக்கும் தேக்குச் சட்டங்களை ஒட்டி, துருவேறா உருக்குப் போல்ற்றுகளை ஊடுருவ விட்டு இறுக்கினார். பலகை துள்ளாதிருக்க, ஓரங்களில் திருகித் திறக்கும் மரத்தாழ்கள் நான்கு. மேசைக்காலுக்கு இருக்கையின் அடியில் இரண்டு கவ்விகள்; அது இனி உருளாது. பாரமான மேசையைக் கடலில் எங்கே ஒதுக்குவது என்று நான் நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் மடித்து மாட்டலாமா, அணியத்திற் செருகலாமா என்று படங்கள் வரைந்தேன். ஓடாவியாரோ பலகையைத் தாழ இறக்கித் தாழிட்டு, அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். படகு ஓடும்போது மேசைக்குப் படுக்கையாய்க் கிடப்பதே பாதுகாப்பு. பாரமும் கீழே, மனிதனும் கீழே. உணவை மடியில் கோப்பை வைத்து உண்டால் என்ன குறைந்துவிடும்? கணித ஆசிரியனுக்கு இது தோன்றவில்லை.

மெத்தையின் அடியில் காற்றுப்போகப் பலகையிற் துளைகள் இட்டார். நமது கடற்கரை வெக்கையில் அவை போதா என்று, அவருடைய மனைவி தம் கையால் இழைத்த பன்பாயொன்றைத் தந்தார். பலகைக்கும் மெத்தைக்கும் இடையே அது கிடக்கிறது. இன்றுவரை பூஞ்சணம் பிடிக்கவில்லை. மெத்தை உறைக்கு மருதமுனைக் கைத்தறித் துணி. நீலக்கோடிட்டது. தெரிவு மருத்துவருடையது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

2024 மே மாதம் திருகோணமலையிற் படகை மீண்டும் இறக்கி, மாலையில் கல்குடா நோக்கிப் பாய்விரித்தோம். கச்சான் கரையிலிருந்து வீசியது. படகு இடப்புறம் சாய்ந்து ஓடியது. மருத்துவரின் மருமகன் சுக்கானைப் பிடிக்க, நான் துணையிருந்தேன். மருத்துவர் அணியத்திற் படுக்கச் சென்றார். அரைமணி நேரங் கழிந்தது. அலைக்கு அலை அணியம் எழுந்து வீழ, உள்ளிருந்து தட்டும் ஓசையும் முனகலும் கேட்டன. பின்னர் அவர் தலையணையை அணைத்தபடி, ஒவ்வொரு கைப்பிடியாகப் பற்றிக்கொண்டு நடுவறைக்கு வந்தார். மேசைப்படுக்கையை ஒருகணம் பார்த்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதில் ஏறிப் படுத்துக் கித்தானைக் கட்டிக்கொண்டார். சாய்ந்த பக்கமாதலால் படகின் சுவரே அவரைத் தாங்கிற்று. மருத்துவர் ஐந்தடி ஐந்தங்குலம். காலடியில் பத்தங்குலம் மிகுந்து கிடந்தது. சிறிது நேரத்தின்பின் இருளிலிருந்து அவர் குரல் வந்தது: "மச்சான், என் மருந்துப்பெட்டியை எடுத்து இந்தக் கால்மாட்டில் வை. இடமிருக்கிறது."