களிக்குப் பிறகு டோஃபு

சுருளிப்பட்டியில் சோயா என்றால் மீல்மேக்கர்தான். கல்யாண வீட்டுக் குருமாவில் கறி மாதிரி நடிக்கும் அந்தச் சக்கை உருண்டை. எங்கள் பள்ளத்தாக்கில் மொச்சை உண்டு, தட்டைப்பயறு உண்டு, பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை உண்டு. சோயாவை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, அந்தப் பாலைத் திரியவைத்துச் சாப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தால் எங்கள் அப்பத்தா சிரித்திருப்பாள். வேலைக்கென்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்த பிறகுதான் நானே டோஃபுவைப் பார்த்தேன்.

இந்தப் பக்கத்துக்குக் கொரியச் சாப்பாடு வந்தது கார் வழியாக. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998-ல். பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. அவற்றோடு கொரிய மேனேஜர்கள் வந்தார்கள். அவர்கள் பசிக்காகச் சென்னையிலும் இந்த நெடுஞ்சாலைப் பக்கமும் கடைகள் திறந்தார்கள். இன்று அந்த மேசைகளில் கே-டிராமா பார்த்துவிட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் போகும் கடை சின்னது. சுன்துபு ஜிகே என்கிற டோஃபு குழம்புக்குப் பேர் போனது. சுன்துபு என்றால் பிழியாத டோஃபு. பனீர் போலத் துணியில் கட்டி, மேலே பாரம் வைத்துக் கட்டியாக்குவதில்லை. திரிந்த பதத்திலேயே அள்ளிவிடுவார்கள். சீம்பாலை வேகவைத்து எடுத்தால் ஸ்பூன் பட்டதும் குலுங்குமே, கிட்டத்தட்ட அது. திரியவைக்க உப்பளத்தில் மிஞ்சும் கசப்பு நீரை ஊற்றுவது வழக்கம். கொரியாவின் கிழக்குக் கரையில் காங்நுங் நகரத்தின் சோதாங் பகுதியில் கடல்தண்ணீரையே ஊற்றுகிறார்கள்.

கருப்புச் சட்டி கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும். சிவப்புக் குழம்பு, உள்ளே வெள்ளை. பச்சை முட்டை ஒன்றை நாமே உடைத்து ஊற்றிக்கொள்ள வேண்டும், அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். சுற்றிலும் குட்டிக் கிண்ணங்களில் கிம்ச்சி, சோயா முளை, வெள்ளரிக்காய். நம்மூர் மெஸ்ஸில் கூட்டு, பொரியல் மறுபடி வைப்பதுபோல இங்கேயும் கேட்டால் வைப்பார்கள், காசில்லை. இது ஆடம்பரச் சாப்பாடு இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் கொரியாடவுனில் ஹீ சூக் லீ என்ற பெண்மணி 1996-ல் தொடங்கிய பிசிடி டோஃபு ஹவுஸ் இந்தக் குழம்பை நம்பியே 24 மணி நேரமும் திறந்திருந்து பேர் வாங்கியது. அகாலத்தில் அலுத்து வருகிறவனுக்கான சட்டி இது.

அப்படி ஒரு அகாலத்தில், செகண்ட் ஷிஃப்ட் முடிந்து, எங்கள் கொரிய மேனேஜரோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்பூனில் இருந்த டோஃபுவைக் காட்டி, "எங்க ஊர்ல ஜெயில்ல இருந்து வர்றவங்களுக்கு முதல்ல டோஃபுதான் கொடுப்பாங்க" என்றார். குழம்பாக அல்ல, வெறும் வெள்ளைக் கட்டியாக. வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் நீட்ட, வந்தவர் நின்றபடியே கடித்துச் சாப்பிட வேண்டும்.

பார்க் சான்-வூக்கின் 'லேடி வெஞ்சன்ஸ்' (2005) படத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். சிறையிலிருந்து வெளியே வரும் நாயகியிடம் பாதிரியார் தட்டில் நீட்டும் டோஃபுவை அவள் கவிழ்த்துவிடுவாள். நான் முதலில் பார்த்தபோது அது ஏன் என்று எனக்குப் புரியவேயில்லை.

சார் இன்னொன்றும் சொன்னார். கொரியாவில் ஒருவன் ஜெயிலுக்குப் போனான் என்பதை 'பயறுச் சோறு தின்னான்' என்பார்களாம். ஒரு காலத்தில் அங்கே சிறைச் சாப்பாடு அரிசியில் சோயாப் பயறு கலந்த சோறு. டோஃபுவும் அதே பயறுதான், ஆனால் டோஃபு ஆனது திரும்பப் பயறு ஆகாது. நீயும் திரும்பப் போகாதே என்பது அதன் அர்த்தம் என்று சிலர் சொல்வார்களாம்.

எனக்கு உடனே 'களி திங்கிறது' ஞாபகம் வந்தது. நாமும் ஜெயிலுக்குச் சாப்பாட்டின் பேரைத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் களி தின்று வந்தவனுக்கு என்ன கொடுப்பது என்று நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறதா?

எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது சித்தப்பா மூணு மாசம் உள்ளே இருந்தார். வாய்க்கால் முறைத்தண்ணீர்த் தகராறு. பின்னால் கோர்ட்டில் அந்த வழக்கு நிற்கவில்லை. ஆனாலும் அவர் வந்த காலையில் வீட்டுக்குள் விடவில்லை. சுருளியில் முங்கிவிட்டு வரச் சொன்னார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் செத்தவர்களுக்குத் திதி கொடுக்க ஊர் ஊராக ஜனங்கள் வரும் தண்ணீர் அது. ஈர வேட்டியோடு அவர் திரும்பி நடந்து வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திண்ணையில் இலை போட்டார்கள். வீட்டில் எல்லாருக்கும் தட்டு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு போன் போட்டேன். திராட்சைத் தோட்டத்தில் இருந்தார்.

"சித்தப்பா, அன்னைக்கு வெளிய வந்தப்ப மொத மொத என்ன சாப்பிட்டீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எங்கிட்டுச் சாப்பிட? வாசல்லயே நிறுத்திட்டாங்கள்ல. குளிச்சியா குளிச்சியான்னுதான் ஆளாளுக்குக் கேட்டாங்க. சாப்பிட்டியான்னு ஒரு ஆளு கேக்கலப்பா. சாயங்காலந்தான் சோறு."

முப்பது வருஷத்தில் இதை அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அப்பத்தாவுக்கு அவர்மேல் பாசம் இல்லாமல் இல்லை. தீட்டுக் கழிக்க அவளுக்கு வழி தெரியும். ஜெயிலில் இருந்து வந்த மகனை எப்படி உட்காரவைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கழுவுவதற்கு ஒரு ஆறே இருந்த ஊரில் ஒரு வாய் கொடுப்பதற்கு ஒரு முறை இல்லை.

டோஃபு கதையைச் சொன்னேன். மேனேஜர் சொன்னது, பயறுச் சோறு, வாசலில் காத்திருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாம். 'ம்' கொட்டிக் கேட்டார்.

"அதுல ருசி என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது சித்தப்பா. சப்புனு இருக்கும்."

"இருக்கட்டும்." பந்தலுக்குள் யாரையோ அதட்டிவிட்டு மறுபடி லைனுக்கு வந்தார். "வர்றப்ப ஒரு கட்டி வாங்கிட்டு வா. பஸ்ஸுல ஒரு ராத்திரி தாங்குமா அது?"

ஐஸ் வைத்துக் கட்டினால் தாங்கும் என்றேன்.