மரத்துல கட்டினா மதிப்பு குறையுமா?

ஏற்காட்டுக்கு நீங்க ஒரு தடவையாவது போயிருப்பீங்க. 20 கொண்டை ஊசி வளைவு, ஏரியில போட்டிங், மிளகாய் பஜ்ஜி, நூறு செல்ஃபி. இறங்கும்போது பஸ்ல யாராவது ஒருத்தருக்கு வாந்தி. காபித் தோட்டங்களுக்கு நடுவுல நேரா, உயரமா, மிளகுக்கொடி சுத்தின மரங்கள் நிக்குமே, கவனிச்சிருக்கீங்களா? சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த மரம், காபிச் செடிக்கு நிழலுக்காக நட்டது. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முழுக்க அந்த மரத்தை நம்பித்தான் இருக்கு.

ஏற்காட்டைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்க மலைச்சரிவுல, மரத்தாலேயே ஒரு சமுதாயக் கூடம் டிசைன் பண்ணணும். கல்யாணம், ஊர்க் கூட்டம், மெடிக்கல் கேம்ப் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். நாலு பேர் டீம். (நான் எல்.கே.ஜி-யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். பொறியியலைத் தமிழ்ல எழுதறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.)

ஏன் மரம்? காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அதாவது ஒரு கிலோ காய்ந்த மரத்துக்குள், அந்த மரம் காற்றிலிருந்து இழுத்த சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு அடங்கியிருக்கிறது. கட்டடம் நிக்கற வரைக்கும் அது அங்கேயே இருக்கும். சிமென்ட் கதை தலைகீழ். உலகத்துல வெளியாகற கார்பன் டை ஆக்சைடுல 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிக்கறதாலதான். போதாததுக்கு ஜல்லி, மணல், கம்பி எல்லாம் அந்த 20 வளைவும் லாரியில ஏறி வரணும். சில்வர் ஓக் அங்கேயே நிக்குது. காட்டு மரத்துல கை வைக்கத் தேவையில்ல. நட்ட மரம், அதையும் அனுமதி வாங்கித்தான் வெட்டணும்.

இவ்வளவு நல்லதுன்னா ஏன் யாரும் கட்டறதில்ல? மத்தியப் பொதுப்பணித் துறை தன்னோட கட்டடங்கள்ல மரம் பயன்படுத்த 1993-ல தடை போட்டுச்சு. காடு அழியக்கூடாதுங்கற நல்ல எண்ணம்தான். அந்தத் தடையை எடுத்தது 2020-ல. நடுவுல 27 வருஷம். மரத்துல டிசைன் பண்ணவே தெரியாத ஒரு தலைமுறை இன்ஜினியருங்க வந்துட்டாங்க. நம்ம சிலபஸையே பாருங்க. கான்கிரீட்டுக்கும் ஸ்டீலுக்கும் தனித்தனி பேப்பர். மரத்துக்கு?

இதையெல்லாம் பிபிடி-யில போட்டு ரெடியா வெச்சுக்கிட்டு ஊருக்குப் போனோம். வரைபடத்தைப் பாத்துட்டு வயசான ஒரு அம்மா கேட்டாங்க: "ஏங் கண்ணு, கீழ டவுன்ல எல்லாம் மாடி மண்டபமா கட்டறாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் குச்சியில கட்டறீங்க?"

யாருக்கும் வாய் திறக்கல. அவங்க சின்ன வயசுல மூங்கிலும் புல்லும் வேய்ஞ்ச வீட்டுலதான் இருந்திருக்காங்க. புல்லு மாத்தணும், மழை ஒழுகும், அடுப்புத் தீப்பொறி பறந்தா பயம். கான்கிரீட் ரூம் வந்தது அவங்களுக்கு ஒரு மரியாதை. நாம 'இயற்கையோட இயைந்த வாழ்க்கை'ன்னு இன்ஸ்டாவுல போடறதுல இருந்துதான் அவங்க கஷ்டப்பட்டு வெளியே வந்திருக்காங்க. கார்பன் கணக்கை அவங்ககிட்ட சொல்லவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. கார்பனை ஊதித் தள்ளினது அவங்க இல்லையே.

அதே சமயம், மரம்னா ஏழைங்க சமாச்சாரம்னு ஆனது ரொம்பச் சமீபத்துலதான். செட்டிநாட்டு வீடுகள்ல பெருமையே பர்மா தேக்குத் தூண்தான். பத்மநாபபுரம் அரண்மனை ராஜா இருந்த இடம், அதுவும் மரம். அப்போ மரம் பிரச்சினை இல்ல, குச்சிதான் பிரச்சினை. தூணைத் தடியாக்கினோம், கூரைக்கு ஓடு போட்டோம், முகப்புல தாழ்வாரம் வெச்சோம்.

தூணைத் தடியாக்கினதுல இன்னொரு லாபம் இருக்கு. ரிவ்யூல எல்லாரும் கேக்கற கேள்வி, "தீப்பிடிச்சா?" மெல்லிசான குச்சிதான் சட்டுனு எரியும். தடித்த உத்தரம் எரியும்போது வெளிப்பக்கம் கரியாகி, அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்கு வெப்பம் போகாமல் தடுக்கிறது. யூரோகோட் கணக்குல ஊசியிலை மரம் நிமிஷத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் கரியாகும். பாதுகாப்புக்காக அந்த எண்ணையே எடுத்துக்கிட்டோம். அரை மணி நேரத்துக்கு 20 மில்லிமீட்டர் போச்சுன்னாலும் மிச்சம் இருக்கற மரம் கூரையைத் தாங்கணும், அதுக்கேத்த அளவு. இரும்பு எரியாதுதான். ஆனா 600 டிகிரி சூட்டுல பாதிக்கு மேல பலத்தை இழந்துடும்.

தீயை விட எனக்குப் பயம் தண்ணிதான். சில்வர் ஓக் தேக்கு இல்ல. மருந்து ஏத்தலைன்னா கரையானுக்கு விருந்து. சேலத்துல இருக்கற என் தாத்தாவுக்கு போன் போட்டேன். அம்மாவோட அப்பா, நாப்பது வருஷம் தச்சு வேலை பாத்தவர். "எந்த மரம்ங்கறது அப்புறம் கண்ணு. கால்ல ஈரம் ஏறுச்சுன்னா தேக்கா இருந்தாலும் போச்சு"ன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். நான் டெனான்னு சொன்னதை அவர் கழுந்துன்னார். ராஃப்டர்னேன், கைமரம்னார். ஐ.எஸ். 883 கோட் படிச்சப்போ புரியாத ரெண்டு விஷயம் அவர்கிட்ட புரிஞ்சுது. பச்சை மரம் நீளத்துல அவ்வளவா சுருங்காது, குறுக்குலதான் சுருங்கும், அதனால காயறதுக்கு முன்னாடி இணைச்சா கழுந்து லூஸ் ஆயிடும்ங்கறது அதுல ஒண்ணு.

தரையை வெட்டிச் சமப்படுத்தாம, சரிவு மேலேயே கல் பீடங்கள் வெச்சு அதுல தூணை நிறுத்தறோம். மழைத்தண்ணி அடியில ஓடிடும். கரையான் மண்கூடு கட்டி ஏறினா குனிஞ்சு பாத்தாலே தெரியும். தூணோட அடிப்பாகம் ரெண்டு அடி மட்டும் தனித் துண்டு, போல்ட் போட்டது. உளுத்துப்போனா கூரையை முட்டுக்கொடுத்து நிறுத்திட்டு, அந்தத் துண்டை மட்டும் மாத்திக்கலாம். காண்ட்ராக்டர் வேண்டாம், ஊர் ஆசாரி போதும். ஊர்ல இப்போ ஆசாரி ஒருத்தர்தான் இருக்கார்ங்கறது வேற விஷயம்.

போன மாசம் மாடலைத் தூக்கிக்கிட்டு மறுபடி போனோம். பஞ்சாயத்துல ஒருத்தர் இன்னும் கான்கிரீட்தான் வேணும்ங்கறார். மர பில்டிங்குக்கு பில் பாஸ் ஆகாதுன்னு அவருக்குக் கவலை, அதுலயும் நியாயம் இருக்கு. அந்த அம்மா தூணை விரலால தட்டிப் பாத்தாங்க. குச்சின்னு சொல்லல. சமையல்கட்டைத் தீக்குப் பயந்து கல்லுல தனியா, 10 மீட்டர் தள்ளி வெச்சிருந்தோம். அதைத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க.

"மழையில சாம்பார் அண்டாவை யாரு கண்ணு தூக்கிட்டு வருவா?"

இப்போ நடைபாதைக்குக் கூரை வரைஞ்சுக்கிட்டு இருக்கோம். தகரத்துல.