வாடகை வீட்டு மின்சாரம்: பொறுப்பு யாருடையது?

வீடொன்றை வாடகைக்குக் கொள்ள வருபவன் எவற்றைப் பார்த்துத் தெரிவு செய்கிறான்? கூரை ஒழுகுமா, கிணற்று நீர் நன்னீரா உவர்நீரா, கதவுக்குப் பூட்டு உண்டா, பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு தூரம் என்பனவற்றையே அவன் பார்க்கிறான். இவை யாவும் கண்ணாற் கண்டோ நாவாற் சுவைத்தோ அறியத்தக்கவை. ஆனால், அவ்வீட்டில் உயிருக்கே ஊறு விளைக்கக்கூடிய ஒன்று சுவரினுள்ளே மறைந்து கிடக்கிறது. அதுவே மின்கம்பி. குடியிருக்க வருபவனால் அதனைக் காணமுடியாது. சுவரை உடைத்தோ மின்பலகையைக் கழற்றியோ பார்க்க அவனுக்கு உரிமையும் இல்லை. அவன் காணமுடியாத இவ்வாபத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் நாங்கள் நால்வர் வாடகைக்கு இருந்த வீடு 1990 ஆம் ஆண்டுக்கு முன்னர் கட்டப்பட்டது. அவ்வாண்டில் தொடங்கிய இருண்ட காலத்தில், குடாநாட்டின் பிற வீடுகளைப் போலவே அதுவும் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றிக் கிடந்தது. பின்னர் மின்சாரம் திரும்பியபோது, பழைய கம்பிகளுக்கே மீண்டும் உயிர் கொடுக்கப்பட்டது. வீட்டுரிமையாளர் இலண்டனில் வாழ்பவர். அங்கும் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர். இங்குள்ள வீட்டை அவர் சார்பில் பராமரித்து, ஆள் பிடித்து, மாதந்தோறும் வாடகை வாங்குபவர் அயலிலுள்ள ஒருவர். அவரை நாங்கள் அண்ணை என்றே அழைத்தோம்.

கார்த்திகை மழை தொடங்கிய வாரத்தில் குளியலறைக் குழாய் கையில் விறுவிறுக்கத் தொடங்கியது. கிணற்றடி மோட்டர் ஓடும்போது மட்டுமே அவ்வாறு நிகழ்ந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த நண்பர் ஒருநாள் வெறுங்காலோடு குழாயைத் தொட்டு, கையை இழுத்துக்கொண்டு பின்னே சாய்ந்து விழுந்தார். அண்ணையிடம் சென்று சொன்னோம். அவர் பதற்றமேதுமின்றி, “அது பழைய வீட்டுக் குணம், தம்பி. செருப்பைப் போட்டுக்கொண்டு பைப்பைத் திறவுங்கோ. முந்தி இருந்த பிள்ளையளும் அப்பிடித்தான் இருந்தவை” என்றார். அவர் கெட்டவரல்லர், எங்களில் ஒருவர் நோயுற்றபோது இரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. ஆயினும், மின்சாரத்தை வீட்டின் குணமாகக் கொள்ளும் அந்த மனப்பான்மைதான் எங்களை அச்சுறுத்தியது.

நாங்களே பணம் சேர்த்து மின்வேலை தெரிந்த ஒருவரை அழைத்துவந்தோம். அவர் இரண்டு குறைகளைக் கண்டறிந்தார். மோட்டரிலிருந்து நிலத்துக்குச் செல்லவேண்டிய புவித்தொடுப்புக் கம்பி துருவேறி அறுந்திருந்தது. அதனிலும் கொடியது மற்றது. மின்னொழுக்கு நேர்ந்தால் உடனே மின்னைத் துண்டிக்கும் கருவி, வழக்கில் ட்ரிப் சுவிச் எனப்படுவது, பலகையில் இருக்கத்தான் செய்தது. ஆனால், யாரோ ஒருவர் அதனைத் தவிர்த்து நேரே கம்பி தொடுத்துவிட்டிருந்தார். மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுந்து தொல்லை தந்திருக்கும். “குரைக்கிற நாயின்ர வாயைக் கட்டிவிட்டிருக்கினம்” என்று அவர் சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

கலைப்பீட மாணவனாகிய எனக்கு மின்னியல் அந்நியமானது. எனினும் அன்று அவர் கூறியதைப் பின்னர் நூல்களிற் பார்த்து விளங்கிக்கொண்டேன். நம் வீடுகளுக்கு வரும் மின்னின் அழுத்தம் 230 வோல்ற்று. ஈரமான மனித உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், அதனூடாக 230 மில்லி அம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைப்பதற்குச் சில பத்து மில்லி அம்பியரே போதும். உருகியோ 5 அம்பியர், அதாவது 5000 மில்லி அம்பியரைத் தாண்டினாலன்றி உருகாது. ஆகவே உருகி காப்பது கம்பியை, மனிதனையன்று. நிலத்தில் அறைந்த புவித்தொடுப்புக் கோலின் தடை 50 ஓம் எனில், அதனூடு செல்வதும் 4.6 அம்பியரே; அப்போதும் உருகி அசையாது. 30 மில்லி அம்பியர் ஒழுக்கையே உணர்ந்து, நொடியின் சிறு பங்கினுள் மின்னைத் துண்டிக்கும் அந்தச் சுவிச் ஒன்றே மனிதனுக்குக் காவல். அக்காவலை நீக்கிவிட்டு அவ்வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தது.

வீட்டுரிமையாளருடன் தொலைபேசியிற் பேசினோம். மோட்டரைத் திருத்திய செலவை அடுத்த மாத வாடகையிற் கழித்துக்கொள்ள அவர் தயங்காது இசைந்தார். வீடு முழுவதையும் ஒருமுறை சோதிப்பித்து அறிக்கையொன்று பெற்றுத்தாருங்கள் எனக் கேட்டபோதுதான் அவருடைய குரல் மாறியது. “இஞ்ச சட்டம் இருக்கு, செய்யிறம். அங்க ஆர் தம்பி கேட்கினம்?” என்றார்.

அவர் குறிப்பிட்ட சட்டத்தை நாம் அறிந்துகொள்ளல் நன்று. தனியார் வாடகை வீடுகளின் மின்பாதுகாப்பு நியமங்கள் பற்றிய விதிகள் இங்கிலாந்தில் 2020 இல் ஆக்கப்பட்டன. புதிய குடியிருப்புகளுக்கு அவ்வாண்டு யூலை 1 முதலும், ஏற்கெனவே இருந்தவற்றுக்கு 2021 ஏப்ரல் 1 முதலும் அவை செல்லுபடியாயின. வீட்டின் நிலைத்த மின்னமைப்பைத் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிப்பித்தல் உரிமையாளர் கடன். சோதனை முடிந்த 28 நாள்களுக்குள் அறிக்கையின் பிரதியைக் குடியிருப்போருக்குக் கொடுத்தல் வேண்டும். புதிதாக வருவோருக்கு அவர்கள் குடிபுகுமுன் கொடுத்தல் வேண்டும். ஆபத்தான குறை காணப்படின் 28 நாள்களுக்குள், அறிக்கை அதனிற் குறுகிய காலம் குறித்திருப்பின் அதற்குள், திருத்துதல் வேண்டும். தவறியோருக்கு 30,000 பவுண் வரை தண்டம் விதிக்க அவ்விதிகள் உள்ளூராட்சி அதிகாரிகளுக்கு இடமளித்தன. ஸ்கொத்லாந்திலோ 5 ஆண்டுச் சோதனை 2015 டிசெம்பரிலேயே வந்துவிட்டது. வீட்டை முகவர் ஒருவர் பார்த்துக்கொண்டாலும், அதனால் உரிமையாளரின் கடன் நீங்குவதில்லை.

நம் நாட்டில் இத்தகைய கடன் இல்லையென்று கூறுதல் பொருந்தாது. இலங்கையின் பொதுச் சட்டமாக விளங்கும் உரோமன்-டச்சுச் சட்டம், வாடகைக்குக் கொடுக்கும் பொருளை அதன் பயனுக்கு ஏற்ற நிலையிற் கையளித்து, அந்நிலையிலேயே பேணுதல் கொடுப்போன் கடன் என்கிறது. நெறி பழையது, நூற்றாண்டுகள் கண்டது. இங்கிலாந்தின் விதிகள் அந்நெறிக்குப் புதிதாகச் சேர்த்தவை மூன்றே: ஒரு காலக்கெடு, ஒரு தாள், கேட்பதற்கு ஒரு ஆள். காலக்கெடு இல்லாத கடன் நாளைக்கென ஒத்திப்போடப்படுகிறது. தாளில்லாத கடன் வாய்ச்சொல்லாய் மறைகிறது. கேட்பாரில்லாத கடன் விபத்து நேர்ந்தபின் நீதிமன்றத்திலேதான் நினைவுக்கு வருகிறது. வீட்டுரிமையாளர் கேட்ட “அங்க ஆர் கேட்கினம்” என்னும் வினா இம்மூன்றின் இன்மையையே சுட்டி நின்றது. ஒரே மனிதர் தம் இலண்டன் வீட்டில் ஒருவிதமாகவும் யாழ்ப்பாண வீட்டில் வேறுவிதமாகவும் நடந்துகொள்வதற்கு அவருடைய மனச்சாட்சி இரண்டாகப் பிளவுண்டமை காரணமன்று. ஓரிடத்திற் கேட்பார் இருக்கின்றனர், மற்றையவிடத்தில் இல்லை. ஆனால், 30 மில்லி அம்பியர் இரண்டு இடத்திலும் ஒன்றே.

இதற்கு மறுப்புகள் உள. சோதனைச் செலவை உரிமையாளர் வாடகையில் ஏற்றிவிடுவார் என்பது ஒன்று. ஓர் அறையை மாணவருக்கு விட்டு அவ்வருவாயிலேயே காலம் தள்ளும் கைம்பெண்ணுக்கு இது சுமையாகுமே என்பது மற்றொன்று. இரண்டாவதைப் புறக்கணித்தல் நேர்மையன்று. எங்கள் ஒழுங்கையிலேயே அவ்வாறான வீடுகள் உண்டு. ஆயினும், 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவை அறுபது மாதங்களுக்குப் பகிர்ந்து பார்த்தால் அது தாங்கத்தக்கதே. மேலும், அந்த அம்மையாரும் அதே கம்பிகளின் கீழேயே உறங்குகிறார். குடியிருப்போர்க்கும் கடமைகள் உண்டு. 2000 வாற்று நீர்க்கொதிகலம் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். அதனை 5 அம்பியர் விளக்குச் சுற்றிற் செருகுபவன் உரிமையாளரைக் குறைகூற முடியாது. கண்ணுக்குத் தெரிவதைக் காப்பது குடியிருப்போன் பங்கு. சுவருக்குள் மறைந்திருப்பதைக் காப்பது உரிமையாளர் பங்கு. திறக்கும் உரிமை எவனுக்கு உண்டோ, பார்க்கும் கடனும் அவனுக்கே உரியது.

இடையில் நிற்கும் முகவரின் நிலையும் சிந்திக்கத்தக்கது. உரிமையாளர் கடல் கடந்து வாழும் வீடுகள் நம் குடாநாட்டில் மலிந்துள்ளன. அங்கெல்லாம் குடியிருப்போன் காணும் முகம் முகவருடையதே. திருத்துவதற்குப் பணம் செலவிடும் அதிகாரம் அவருக்கு இல்லாதிருக்கலாம். ஆனால், கேட்ட முறைப்பாட்டை உரியவரிடம் அன்றே சேர்ப்பிக்கும் கடன் அவருக்கு உண்டு. செருப்பணியச் சொல்வது அக்கடனுக்கு ஈடாகாது.

சட்டம் வரும்வரை நாம் வாளாவிருத்தல் வேண்டுமா? வேண்டியதில்லை. வெளியிலே தங்கிப் படிக்கும் மாணவருக்காக வாடகை வீடுகளின் பட்டியலொன்றை மாணவர் ஒன்றியங்களே பேணலாம். கடைசியாக எப்போது மின்சோதனை நடந்ததென்பதை அப்பட்டியலில் ஒரு நிரலாகச் சேர்க்கலாம். பொறியியற் பீடத்து நண்பர்கள் ஆண்டுக்கு ஒருநாள், துறைசார்ந்தோர் மேற்பார்வையில், அவ்வீடுகளைப் பார்வையிடலாம். முற்பணம் கொடுக்குமுன் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: ட்ரிப் சுவிச் உண்டா? அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினால் மின் நிற்கிறதா? புவித்தொடுப்புக் கம்பி எங்கே? பொத்தானை அமுக்குவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு விரல் போதும். கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்து வீடு தெரிவு செய்யும் நாம், அந்தப் பொத்தானையும் அமுக்கிப் பார்க்கப் பழகுவோமாக. பலர் கேட்கத் தொடங்கினால், “ஆர் கேட்கினம்” என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.