கரைவழிப் பயணமும் கைச்செலவும்

பயணத்துக்குப் பொருள் வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. பொருள் குறைந்தவனுக்கோ அதனிலும் மேலாகத் திட்டம் வேண்டும். விடுமுறைக்கு முந்திய வாரத்தில், பல்கலைக்கழக விடுதியறை ஒன்றில் மாணவர் நால்வர் கூடித் தீட்டிய திட்டமொன்று இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

அவர்கள் தேர்ந்தது திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகச் செல்லும் ஏ-15 வீதி. அதன் நீளம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நிலாவெளியையும் பாசிக்குடாவையும் நாடிச் செல்வோர் பலர். இரண்டுக்கும் இடைப்பட்ட கரையில் இறங்கி நிற்போர் மிகச் சிலர். ஆகவே கணக்குக் கொப்பியின் முதற் பக்கத்தில் 'அதிகம் அறியப்படாத பிரதேசம்' என்று தலைப்பிடப்பட்டது. கணக்கெழுதும் பொறுப்பை ஏற்றவன் மட்டக்களப்பு நகரில் வளர்ந்தவன். பிறந்தது அவ்வீதியிலுள்ள கதிரவெளியில்.

முதலில் காலம் ஆராயப்பட்டது. ஐப்பசி முதல் தை வரை கிழக்குக் கரையில் மாரி. மகாவலியின் கிளைகள் கொட்டியாரக் குடாவிலும் வெருகலிலும் கடலுடன் கலக்கும் பகுதி அது. பெருவெள்ளம் வந்தால் வீதியே மறையும். பங்குனிக்குப் பின்னரோ கடல் அடங்கியிருக்கும். எனவே சித்திரை விடுமுறை குறிக்கப்பட்டது.

அடுத்தது போக்குவரத்து. வாடகை வான் ஓடினாலும் நின்றாலும் பணம் கேட்கும். பஸ் வண்டியோ ஏறிய தூரத்துக்கு மட்டுமே கேட்கும். கிண்ணியா, மூதூர், சேருநுவர, வெருகல், வாகரை, வாழைச்சேனை என்று துண்டு துண்டாகப் பஸ்ஸில் செல்வதென்றும், விடியலில் புறப்பட்டு, ஒவ்வோர் ஊரிலும் இறங்கியவுடன் அடுத்த வண்டியின் நேரத்தையும் கடைசி வண்டியின் நேரத்தையும் விசாரிப்பதென்றும் முடிவாயிற்று. இடையில் தங்குமிடம் அரிதாகையால் இராத்தங்கல் இரு நகரங்களில் மட்டுமே. உணவுக்குத் தேநீர்க்கடைப் பாணும் சம்பலும், மூதூர்ப் பக்கத்துச் சட்டித் தயிரும் போதும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கப்பட்டது.

வரலாறு பயிலும் மாணவன் இங்கே குறுக்கிட்டான். 1660ஆம் ஆண்டில், புயலிற் பழுதுபட்ட கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த றொபேட் நொக்ஸ், கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டு 1679இலேயே தப்பினான். திட்டமிடாப் பயணம் பத்தொன்பது ஆண்டு நீளலாம் என்பது அம்மாணவனின் வாதம். மற்றொருவனோ, திட்டமே இன்றி இதே கரையால் நடப்போர் உண்டு என்றான். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் தங்கியே அப்பாற் செல்கின்றனர். வழியூர்களின் சோறே அவர்களின் வரவுசெலவுத் திட்டம்.

துறைகளைப் பற்றிய பேச்சும் எழுந்தது. முன்னாளில் இவ்வீதியிற் செல்வோர் துறைக்குத் துறை காத்திருந்து, வாகனத்தோடு மிதவையிற் கடந்தனர். அம்மிதவைக்குக் கிழக்கில் 'பாதை' என்றே பெயர். கிண்ணியாப் பாலம் 2009இலும், கங்கை, இறால்குழி, வெருகல் முதலிய பாலங்கள் 2011இலும் திறக்கப்பட்டபின் அக்காட்சி மறைந்தது. அழகொன்று போயிற்றே என ஒருவன் வருந்தினான். கணக்கெழுதியவன் தலை நிமிர்ந்தான். 2021 நவம்பர் 23ஆம் நாள், கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பால வேலை முடியாதிருந்த வேளையில், மாற்றாக ஓடிய பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் மாண்டதை அவன் நினைவூட்டினான். அதன்பின் அழகைப்பற்றி எவரும் பேசவில்லை.

அவ்வேளையிற்றான் தலைப்பும் கேள்விக்குள்ளாயிற்று. யாருக்கு அறியப்படாத பிரதேசம்? கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்களும், வெருகல், கதிரவெளித் தமிழரும், சேருநுவரச் சிங்கள மக்களும், வாகரைப் பகுதியின் கரையோர வேடரும் தம் ஊரை அறியாதவர் அல்லர். அவ்வீதி அறியப்படாததன்று, அடைபட்டிருந்தது. போர்க்காலத்தில் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்வோர் ஹபரணை, பொலன்னறுவை என்று உள்நாட்டாற் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வாகரைக் கரையை அழித்தது. ஈராண்டு கழியுமுன்னரே, 2006 நவம்பர் 8இல், கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். எஞ்சியோர் ஊரைவிட்டு வெளியேறினர். கணக்கெழுதியவன் அன்று தாயின் இடுப்பிலிருந்த குழந்தை.

கொப்பியை வாங்கிப் பார்த்த நண்பர்கள் ஒன்றைக் கண்டனர். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே தொகையிருந்தது. கதிரவெளிக்கு எதிரே ஒரு கோடு மட்டுமே. இறங்காத இடத்துக்குச் செலவில்லை அன்றோ?

"அங்க இறங்கி என்னத்தப் பார்க்கிற மச்சான்?" என்றான் அவன். எவரும் வற்புறுத்தவில்லை.

அன்றிரவு அவன் தாயுடன் தொலைபேசியிற் பேசினான். போகும் வழியைக் கேட்ட தாய் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், ஊருக்குத் திரும்பிவிட்ட பெரியம்மா இன்னும் அங்கேயே இருப்பதாகவும், மத்தியானம் நாலு பேருக்கும் சோறு ஆக்கச் சொல்வதாகவும் கூறினாள். "இறங்காமப் போனா அவ என்ன நினைப்பா மகன்?" என்பதே அவள் கேட்ட ஒரே கேள்வி.

மறுநாட் காலை திட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. இரண்டாம் நாள் மதிய உணவுக்கு ஒதுக்கிய தொகை மீந்தது. சேமிப்பு என்று ஒருவன் மகிழ்ந்தான். அவன் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. முதன்முறை போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதெப்படி? தேயிலை, சீனி, பிஸ்கற்று, பழம், பெரியம்மாவுக்கு ஒரு சேலை என்று பட்டியல் நீண்டது. மீந்ததைவிட இருமடங்கு வேண்டியிருந்தது. எதிர்பாராச் செலவுக்கென வைத்ததைத் தொட எவருக்கும் மனமில்லை. ஆகவே திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் படகு பிடிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது.

கணக்கு நேராயிற்று. முதற் பக்கத் தலைப்பை வெட்டிவிட்டு அவன் வீதியின் பெயரை மட்டும் எழுதினான். கதிரவெளிக்கு எதிரே இருந்த கோட்டையும் வெட்டி, அங்கே ஒரு தொகையைக் குறித்தான். திட்டத்திலிருந்த ஊர்கள் அனைத்திலும் பெரிய தொகை அதுவே.