பெரியம்மாவின் சர்டிபிகேட்

போன வாரம் பேரன் போனில் ஒரு படம் காட்டினான். பூசிமலைக்குப்பம் மாளிகை. ஆரணி ஜாகீர்தார் கட்டியது. இப்போது காட்டுக்குள் இடிந்து கிடக்கிறது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்திக்காகக் கட்டினார் என்று எங்கள் பக்கத்தில் கதை சொல்வார்கள். "உங்க ஊர்ல இந்த மாதிரி ரகசியம் வேற இருக்கா தாத்தா?" என்று கேட்டான். எனக்குக் கண்ணமங்கலத்துத் தாத்தா வீடு நினைவுக்கு வந்தது.

அது மாளிகை அல்ல. முற்றம் வைத்த நாட்டு ஓட்டு வீடு. அம்மாவும் பெரியம்மாவும் அங்கே பிறந்த இரட்டையர். பத்து நிமிடம்தான் வித்தியாசம். பாட்டி சீக்கிரம் இறந்துவிட்டதால் அம்மாவை ஐந்தாவதோடு நிறுத்தி அடுப்படியில் விட்டார்கள். பெரியம்மா படித்து டீச்சரானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதா மாதம் சம்பளத்தில் சரிபாதி அம்மாவுக்கு மணியார்டர் வந்துவிடும். என்னைப் படிக்க வைத்தது அந்தப் பணம்தான்.

அம்மா அதற்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன். "அக்கா குடுக்கறா, நான் வாங்கறேன். உனக்கென்னடா?" என்றார். கல் மனசு என்று நினைத்தேன்.

2003இல் அம்மா போனார். அந்த மழையில் வீட்டின் பின்கட்டும் சரிந்தது. பெரியம்மாவை வேலூருக்கு அழைத்துப் போகச் சாமான்களை ஒதுக்கினோம். பரணில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே 1952ஆம் வருடத்து இ.எஸ்.எல்.சி. சர்டிபிகேட், பெரியம்மா பெயரில்.

"இதைப் பத்திரமா வைக்கட்டுமா பெரியம்மா?"

"அது உங்கம்மாளுதுடா."

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது பெரியம்மாவுக்கு டைபாய்டு. அம்மாவோ மூன்று வருடமாக ராத்திரியில் அக்கா புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தவர். தாத்தாவே அழைத்துப் போய் அக்கா பெயரில் உட்கார வைத்திருக்கிறார். "ஹால் டிக்கெட்டுல போட்டோ ஏது அப்போ? எங்க மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவ பாஸ் பண்ணா, நான் டீச்சரானேன். வேலையை அவளுக்குத் தர முடியல, பாதிச் சம்பளத்தைத் தந்தேன்" என்றார்.

செய்தது தப்புத்தான். பெரியம்மாவும் அப்படியே சொன்னார். ஆனால் அவரிடம் படித்த பிள்ளைகள் குறைப்பட்டதில்லை. இருவரும் இன்று இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

சின்ன வயதில் நான் சத்தம் போட்டுக் கணக்குப் போடுவேன். தப்பு வந்தால் அம்மா அடுப்படியிலிருந்தே திருத்துவார். கேள்வி ஞானம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வீடு இப்போது இல்லை. சர்டிபிகேட் என் பீரோவில் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது பேரனுக்குக் காட்ட வேண்டும்.