50 லக்ஸ்

பார்வைக் குறைபாடு என்றதும் அருங்காட்சியகக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரெய்ல். நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு பிரெய்ல் தெரியாது. அரைகுறைப் பார்வையோடு திரிகிற பலருக்கும் தெரியாது. எனக்கு இருப்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. முதலில் இருட்டில் தெரியாமல் போகும், பிறகு ஓரங்கள் போகும். இப்போது மிஞ்சியிருப்பது குழாய் வழியே பார்ப்பது மாதிரி ஒரு வட்டம். நல்ல வெளிச்சத்தில் அதற்குள் பஸ் நம்பர்கூடப் படித்துவிடுவேன். வெளிச்சம் குறைந்தால் அதுவும் போச்சு.

அருங்காட்சியகங்களோ இருட்டாக இருக்கின்றன. அதிலும் செப்புத்திருமேனிகள் வைத்த கூடங்கள். கறுப்புச் சுவர், சிலை மேல் மட்டும் ஒரு விளக்கு, முன்னால் கண்ணாடி. பார்க்கிறவர்களுக்கு அழகுதான், மறுக்கவில்லை. எனக்குத் தெரிவது கண்ணாடியில் அடிக்கும் பளபளப்பு மட்டும். இடுப்பு உயரத்தில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒரு குறிப்புப் பலகை இருப்பதே கூட வந்தவர்கள் சொன்னால்தான் தெரியும். ஒருமுறை (எந்த ஊர் என்பது வேண்டாம்) ஃபோனில் டார்ச் அடித்தேன். காவலர் வந்துவிட்டார்.

"வெளிச்சம் பட்டா சிலை கெட்டுடும் சார். ரூல்ஸ்."

"வெண்கலம்ண்ணே, ஒண்ணும் ஆகாது."

"எனக்கென்ன சார் தெரியும், ஆபீஸ்ல கேளுங்க."

அவர்மேல் கோபமில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. நீர்வண்ண ஓவியம், பழைய துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது உலகம் முழுக்கப் பல அருங்காட்சியகங்களில் உள்ள வழக்கம். சாயம் வெளுத்தால் திரும்ப வராது. அங்கே நான் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் வெண்கலத்துக்கும் சாயம் பூசாத கல்லுக்கும் அந்தப் பயம் இல்லை. சோழர்காலத் திருமேனிகள் வீதியுலா போனவைதானே? தூக்கிச் செல்லக் கழி செருகும் துளைகள் பீடத்தில் இன்னும் இருக்கின்றன. அந்த இருட்டு பாதுகாப்புக்கு இல்லை, நாடகத்துக்கு.

தொடுவது வேறு கணக்கு. விரலின் உப்பும் வியர்வையும் உலோகத்தை அரிக்கும். அதற்கு வழி இல்லாமலில்லை. இங்கிலாந்தில் சண்டர்லாண்ட் அருங்காட்சியகத்தில் சார்ல்டன் டீஸ் என்பவர் 1913இலேயே பார்வையற்ற குழந்தைகளை வரவழைத்துக் காட்சிப்பொருட்களைத் தொடவிட்டார். தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் 'அனுபவ்' என்று ஒரு கூடம் திறந்தது. 22 காட்சிப்பொருட்களின் நகல்கள், பிரெய்ல் குறிப்பு, ஒலிக்குறிப்பு. நகல்தானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் எனக்கு அசலும் இல்லை, நகலும் இல்லை.

சுவாமிமலையில் ஒரு பட்டறையில், வார்த்து முடித்த இரண்டடி நடராஜரை என் முன்னால் வைத்து, "தொட்டுப் பாருங்க தம்பி" என்றார் ஸ்தபதி. நடராஜர் எனக்கு எப்போதும் துண்டு துண்டாகத்தான்: ஒரு கை, திருவாசியில் நாலு சுடர், ஒரு பாதம். கண்ணை மூடிக்கொண்டேன். குறுக்கே நீண்ட இடது கை படங்களில் உடம்போடு ஒட்டித்தான் தெரியும். இங்கே கைக்கும் மார்புக்கும் நடுவில் என் விரல்கள் தாராளமாகப் போயின. தோளைத் தாண்டிப் பின்பக்கம் போனேன். தலைக்குப் பின்னால் வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது.

"என்னங்க இது?"

"சிரச்சக்கரம். முன்னாடி நின்னு பாக்கிறவங்களுக்குத் தெரியாது."

கூட வந்த என் தங்கை, கண் நன்றாகத் தெரிகிறவள், அப்போதுதான் பின்னால் எட்டிப் பார்த்தாள்.