எனக்குக் கிடைக்காத வேஷம்

சிரிப்பு மூட்டும் பெண் வேஷம் ஒன்றுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். கல்லூரியில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடித்துப் பதக்கம் வாங்கியவள், பத்திரிகை உத்தியோகம், பிறந்ததோ காஞ்சிபுரம். வேறு என்ன தகுதி வேண்டும், சொல்லுங்கள்!

நாடகம் முளைத்த கதையை முதலில் சொல்லி விடுகிறேன். ஜோஸபினா லோபஸ் என்ற அம்மாள் மெக்ஸிகோவில் பிறந்து, சிறு வயதிலேயே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தவர். தம் அக்காவின் தையல் கூடத்தில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து ‘ரியல் விமன் ஹாவ் கர்வ்ஸ்’ என்ற ஹாஸ்ய நாடகத்தை எழுதினார். 1990-ல் மேடை ஏறியது. 2002-ல் சினிமா ஆயிற்று. 2025-ல் நியூயார்க் பிராட்வேயில் இசை நாடகமாகவும் வந்தது. கதை நடப்பது 1987-ல். புழுங்கும் ஒரு சின்ன அறையில் மெக்ஸிகோ வம்சத்துப் பெண்கள் ஐந்து பேர் கவுன் தைக்கிறார்கள். தைக்கிற கவுனை வாங்க அவர்களிடம் பணம் இல்லை. வாங்கினாலும் உடம்பு அதற்குள் நுழையாது! உஷ்ணம் தாளாமல் மேலாடையைக் களைந்து, தங்கள் பருமனையும் பிரசவத் தழும்பையும் ஒப்பிட்டுச் சிரிக்கிறார்கள். (இந்தக் காட்சி காஞ்சிபுரத்துக்கு வேண்டாம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை.)

“தையல் மிஷினை எடுத்து விட்டுத் தறியைப் போட்டால், இது நம் பிள்ளையார்பாளையம் அல்லவா?” என்றாள் என் சிநேகிதி ஒருத்தி. அப்படித்தான் எங்கள் ஊர்க் கதையாகவே ஒன்று எழுதப்பட்டது. காஞ்சிபுரம் பட்டு 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அந்தப் பட்டைச் சிக்கெடுத்து, தார் சுற்றி, கோர்வைச் சேலையானால் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்கும் வேலை பல வீடுகளில் பெண்களுடையது. அவர்கள் பேசிச் சிரிப்பதுதான் நாடகம்.

பெண்கள் மேடையேறிச் சிரிக்க வைப்பது எங்கள் பக்கத்தில் லேசான காரியம் அல்ல. சுற்றுக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்தில் திரௌபதி வேஷம்கூட ஆண் பிள்ளை கட்டுவதுதான் வழக்கம். அரசனையே கேலி செய்யும் உரிமை கட்டியக்காரனுக்கு உண்டு, கட்டியக்காரிக்கு? பெருங்கட்டூர் ராஜகோபாலும் அவர் மனைவி, டச்சுப் பெண்மணி ஹன்னே டி ப்ரூய்னும் 2002-ல் புஞ்சை அரசந்தாங்கலில் நடத்தத் தொடங்கிய கூத்துக் குருகுலம், பெண் குழந்தைகளுக்கும் ஆட்டமும் பாட்டும் கற்றுக் கொடுத்தது. 2020-ல் அதை மூடி விட்டார்கள். அதற்குள் பெண்கள் வேஷம் கட்டி ஆடுவதை எங்கள் பக்கத்து ஜனங்கள் கண்ணால் பார்த்து விட்டார்கள்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. ஒரே விதி: ராட்டையில் தார் சுற்றிக் கொண்டே வசனம் பேச வேண்டும். முதலாளி சேலையில் குற்றம் கண்டுபிடித்துக் கூலியில் பிடித்துக் கொள்ளும் கட்டம். என் உச்சரிப்பு வெகு ஸ்பஷ்டமாக இருந்தது. ராட்டையும் ஏதோ நின்று நின்று சுற்றிற்று. இரண்டு பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

மூலையில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நடிக்க வந்தவர் அல்ல. ராட்டை அவருடையது, திரும்ப எடுத்துப் போகக் காத்திருந்தார்.

“நீங்களும் ஒரு தடவை பேசிப் பாருங்களேன், அக்கா” என்றார் நாடகத்தை நடத்துகிறவர்.

“எனக்கு இன்னாம்மா தெரியும்?” என்று சொல்லிக் கொண்டே அக்கா உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் முதலாளி வந்து விட்டார்! சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இழை தப்பியிருக்குதே” என்று ஒரு செருமல். நூறு ரூபாய் போயிற்று. “பட்டு என்னா வெலை விக்குது தெரியுமா?” மறு செருமல். இன்னொரு நூறு. ஒவ்வொரு செருமலுக்கும் அக்கா, “ஆமாங்க மொதலாளி” என்கிறார். முதலில் பணிவு, பிறகு அழுகை, அப்புறம் கோபம், கடைசியில் சுத்தமான வசவு. வார்த்தை மட்டும் மாறவில்லை. ராட்டை நிற்கவில்லை; இழை அறவில்லை. ஹால் அதிர்ந்தது. நான் கண்ணைத் துடைத்துக் கொண்டேன்.

“வேஷம் உங்களுக்குத்தான்” என்றதும் அக்காவின் முகம் மாறிற்று.

“வேணாம்மா. அந்தச் செருமலைக் கேட்டா எங்க தெருவே ஆளைச் சொல்லிடும். முன்பணம் வேற பாக்கி நிக்குது. நாளைக்குப் பாவு குடுக்க மாட்டேன்னுட்டா, தறி சும்மா கெடக்கும். வீட்ல உலை வெக்க வேணாமா?”

ராட்டையைத் தூக்கிக் கொண்டு போய் விட்டார். லோபஸின் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். குடியேற்ற இலாகா வண்டி வாசலில் வந்து விட்டதோ என்று நடுங்கிக் கொண்டேதான் அவர்களும் சிரிக்கிறார்கள்.

நான்காம் நாள் அக்கா தாமாகவே வந்தார். வீட்டுக்காரரிடம் கேட்டாராம். “போடி, நீ வூட்ல பண்றதுதானே!” என்றாராம் அவர். ஆனால் நிபந்தனைகள் உண்டு. முதல் நாடகம் பிள்ளையார்பாளையத்தில் கூடாது. செருமல் கூடாது. அதற்குப் பதிலாக முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

“கண்ணாடி எல்லா மொதலாளியுந்தான் போடறாங்க. யாருன்னு கண்டுபிடிக்கட்டும், பாக்கலாம்!” என்றார் அக்கா.

எனக்கு என்ன வேஷம் என்கிறீர்களா? திரை மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம். அக்கா எழுதியதை எழுதியபடி பேசினால் அல்லவா எடுத்துக் கொடுக்க!